ஆறு கொண்டுவந்த புல்லுருளைகள்

வெள்ளம் வடிந்த அன்று தோட்டத்தில் நின்றவர்கள்: நான், வேர்னர், வேர்னரின் நாய். அவ்வளவுதான். டிராக்டரையும் ஆளாகச் சேர்த்தால் நால்வர்.

என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் லண்டனில். இங்கிலிஷ் படிப்பு என்று ஜேர்மனியிலிருந்து எங்கள் ஈழத்து ஆட்கள் பலர் போனார்களே, அவர்களோடு போனவர்கள். நான் மட்டும், 'தோட்டக் குத்தகை முடியட்டும், வாறன்' என்று நின்றுவிட்டேன். அது இந்த ஒக்டோபரில் முடிகிறது. போவதா, புதுப்பிப்பதா... அதுதான் இப்போது என் தலைக்குள் ஓடுகிறது.

எசன் நகருக்கு வெளியே, ரூர் ஆற்றோரம் ஒரு துண்டு நிலம். குத்தகை மலிவு. ஏன் மலிவு என்று முதல் மாரியிலேயே தெரிந்துவிட்டது. ஆறு எங்களைப் பார்க்க வந்துபோகும்! பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, நாங்கள் நால்வருமாகக் கீரை, கத்தரி, பச்சைமிளகாய் வளர்த்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுத்தோம். இப்போது நால்வரின் வேலையும் எனக்கு. பேச்சு மட்டும் இல்லை.

நான் பயந்தவன். உங்களுக்குத் தெரியும்தானே? மழை விடாமல் பெய்தால், தொலைக்காட்சிச் செய்திப் பக்கத்தில் ஆற்றின் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாடு இறங்காது. பார்த்தால் தண்ணீர் குறைந்துவிடுமா என்ன?

போன மாரியில், நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஏறியது. வடிந்த பிறகு போனேன். கூடாரம் நின்ற இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் சில உருண்டைகள் — மாடுகளுக்கென்று பிளாஸ்டிக் சுற்றி வைக்கும் புல்லுருளைகள். மேற்புறப் பண்ணையிலிருந்து மிதந்து வந்து, கூடாரக் கம்பிகளை மடக்கிப்போட்டு, அதன்மேல் ஏறிக் குந்தியிருந்தன.

அவற்றைத் தேடி வந்தவர்தான் வேர்னர். அந்தப் பண்ணைக்காரர். வருடக்கணக்காக வீதியில் கண்டால் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் ஜேர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "உம்மடை கூடாரமும் போச்சு, என்ரை மாட்டுச் சாப்பாடும் போச்சு. ரெண்டு பேருமாச் சேர்ந்து ஆத்தைக் கோட்டுக்கு இழுத்து வழக்குப் போடுவமோ?"

சிரித்துவிட்டேன். நாய் மட்டும் சிரிக்கவில்லை.

கம்பிகளுக்கு முந்நூறு யூரோ தருவதாக அவரே சொன்னார். பால் விலை விழுந்து கிடக்கிறது, மாதம் ஐம்பதாகத்தான் தர ஏலும் என்றார். "ஓம்" என்றேன்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை நாயோடு வருவார். காசைத் தருவார். போத்தலில் கோப்பி கொண்டு வருவார். கவிழ்த்த பெட்டிகளில் குந்துவோம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

"உந்தக் கீரையை எங்கடை மாடே தின்னாது."

"உங்கடை மாட்டுக்குச் சமைக்கத் தெரியாது!"

ஒரு சனிக்கிழமை முடிந்ததும், அடுத்ததற்குக் கதை சேர்க்கத் தொடங்கிவிடுவேன். சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் சிநேகிதம்கூட டெர்மின் எடுத்து, நாள் குறித்துத்தான் வரும். கடன் மட்டும்தான் தானாக நடந்து வரும்.

போன சனிக்கிழமை ஒரு மாட்டை விற்றதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மிச்சக் காசு முழுவதையும் நீட்டினார்.

காசைக் கண்டு யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன்.

"இப்ப ஐம்பது போதும். மிச்சத்தை வழமைபோலத் தாங்கோ. எனக்கு அவசரமில்லை."

வேர்னர் தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐம்பதைத் தந்துவிட்டு மிச்சத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அடுத்த மாதம் கேக்கும் கொண்டு வாறன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தொலைபேசி.

"இஞ்சரப்பா, ஒக்டோபருக்கு ரிக்கற் போடட்டோ?"

"அந்தப் பண்ணைக்காரன்ரை காசு கொஞ்சம் நிக்குது. அதை வாங்கிப்போட்டு..."

"எப்ப கேட்டாலும் உந்தக் கதைதான். இஞ்சை நான் இப்பவும் நாலு கோப்பை எடுத்து வைச்சுப்போட்டு, ஒண்டைத் திருப்பி வைக்கிறன். தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது. அவளுக்கும் ஒன்று தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜேர்மனில் ஒரு பகிடிக்குச் சிரிக்கவே பத்து வருடம் பிடித்தது. இனி லண்டனில் போய், வாயில்லாதவனாகத் திரும்பவும் முதலிலிருந்தா? இங்கே என்னோடு கதைக்க ஒரே ஓர் ஆள்... அதுவும் கடன்காரன்.

அவளுடைய குரல் தணிந்துவிட்டது.

"சரி. அந்தக் காசை நான் தாறன். நீங்கள் வாங்கோ. சொல்லுங்கோ, அந்த மனிசன் இன்னும் எவ்வளவு தரவேணும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நூறு யூரோ."