அறுபது குண்டூசியும் ஒரு ஃபில்டரும்

தங்கை விமானத்தில் வேலை பார்க்கிறாள் என்று பெரியவள் சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு மரியாதை ஏறும். அடுத்த இரண்டு கேள்விக்குள் அது இறங்கியும் விடும். ஏர் ஹோஸ்டஸா என்பார்கள். இல்லை. பைலட்டா என்பார்கள். அதுவும் இல்லை. என்ஜினுக்கு ஆயில் மாற்றுகிறாள் என்றதும் "ஓ" என்று ஒரு ஓ வரும். பெரியவளின் கழுத்தில் எந்நேரமும் ஒரு டேப் தொங்கும். ஆனால் அந்த ஓவை அளக்க அது போதாது.

பெரியவள் தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கோட்டு தைக்க வந்த ஒரு பெண்மணி, தங்கை கதையைக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல விடுங்க, ஏதோ கையில ஒரு தொழில் இருக்குல்ல" என்று ஆறுதல் சொன்னாள். பெரியவள் நன்றி சொன்னாள். தையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த அம்மாளின் இடுப்பளவை மட்டும் கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு தடவை படித்துச் சரிபார்த்தாள்.

சின்னவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்கே சோறு போட்ட தையல் மெஷினைக் கடைசித் திருகு வரை கழற்றிப் போட்டாள். அக்கா திரும்பி வருவதற்குள் மாட்டியும் விட்டாள். மெஷின் ஓடியது. ஒரே ஒரு திருகு மட்டும் மிஞ்சியது. வேறு பிள்ளையாக இருந்தால் அந்தத் திருகை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு விளையாடப் போயிருக்கும். சின்னவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "அக்கா, இது எங்கயோ இருந்தது. நான் மறுபடி பிரிக்கணும்" என்றாள். அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றுவிட்டது. இவள் திருந்த மாட்டாள், இவளை இதிலேயே விட்டுவிட வேண்டியதுதான் என்று பெரியவள் அன்றைக்கே முடிவு செய்தாள்.

விட்டதில் சின்னவள் படித்தாள், விமானப் பராமரிப்பு உரிமம் வாங்கினாள், ஊருக்கு வெளியே இருந்த, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். விமானம் நிறுத்த தகரக் கூரை போட்ட ஒரு ஹேங்கர், இரண்டு சிறிய விமானம், ஒரு முதலாளி. முதலாளியை எல்லாரும் கேப்டன் என்பார்கள். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவரேதான். அவர் விமானம் ஓட்டி ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அலுவலகத்துக்குள், அதுவும் ட்யூப் லைட் வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

விமானம் ஐம்பது மணி நேரம் பறந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கார் மெக்கானிக் என்றால் பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். விமானத்தில் அப்படி முடியாது. பழைய ஃபில்டரின் தகர உறையை வட்டமாக வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெளியே எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்க்க வேண்டும். என்ஜின் உள்ளுக்குள் தேய்கிறது என்றால் அதன் உலோகப் பொடி அந்தத் தாளில்தான் வந்து ஒட்டும். பறக்கிற என்ஜின் தன் உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கு வைத்திருக்கிற வாய் அது ஒன்றுதான்.

போன தடவை சிவப்பு விமானத்தின் தாளில் மூன்று துகள் இருந்தன. சின்னவள் அதை விமானத்தின் பராமரிப்புக் குறிப்பேடான லாக் புக்கில் எழுதினாள். அடுத்த ஃபில்டரில் அதிகமானால் என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று கேப்டனிடமும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவளுக்குத் துகளம்மா என்று பெயர். போன் எடுத்தால் துகளம்மா, வருகிறவர்களுக்கு அறிமுகம் செய்தால் துகளம்மா. அதோடு விடவில்லை. அடுத்த தாள் சுத்தமாக இருந்தால், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வெளியிலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வதாகவும், அவள் ஸீட் துடைக்கிற வேலையைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். சின்னவள் இதை வீட்டில் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் இரண்டு தடவை கழுவுகிற இடத்தில் நாலு தடவை கை கழுவினாள். அது பெரியவளுக்குத் தெரியும்.

அந்த அடுத்த ஃபில்டருக்கு நாள் வந்தபோது பெரியவளும் அங்கே இருந்தாள். தங்கையைப் பார்க்க வரவில்லை. சிவப்பு விமானத்தின் ஸீட்டுக்கு உறை தைக்க அளவெடுக்க வந்திருந்தாள். மறுநாள் காலை கேப்டனின் மாப்பிள்ளை அந்த விமானத்தில்தான் உரிமத் தேர்வுக்குப் பறக்கப் போகிறார். தேர்வு அதிகாரி கிழிந்த ஸீட்டில் உட்காரக் கூடாது என்பது கேப்டனின் கவலை. தேர்வு முடிவதற்கு முன்னாலேயே தேதி போட்டு ஒரு வாழ்த்து பேனரும் அடித்து வாசலில் கட்டியாகிவிட்டது.

பெரியவள் ஸீட்டின் மேல் செய்தித்தாளை விரித்து, குண்டூசி குத்தி, வடிவம் வெட்டிக்கொண்டே தங்கையைப் பார்த்தாள். சின்னவள் முதலில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். ஆயில் சூடாக இருந்தால்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்குமாம். பிறகு கீழே வாளி வைத்து வடியவிட்டாள். ஃபில்டரைப் பூட்டியிருந்த மெல்லிய கம்பியை வெட்டி, துண்டுகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டாள். ஃபில்டரைக் கழற்றினாள். அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா, என்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தது போதாதென்று டார்ச் அடித்து இன்னொரு தடவை. உறையை வெட்டி, தாளை எடுத்து, மேஜை மேல் ஒரு தட்டில் ஆயில் சொட்டட்டும் என்று விரித்து வைத்தாள்.

அப்போது அலுவலகத்திலிருந்து கேப்டன் கூப்பிட்டார். துகளம்மா உடனே வர வேண்டுமாம். பேனரில் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் போட்ட அடைமொழி சரியா என்று பார்க்க வேண்டுமாம்.

"அக்கா, எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் போனாள்.

பெரியவள் எதையும் தொடவில்லை. ஸ்பேனரைத் தொடவில்லை, திருகைத் தொடவில்லை, புது ஃபில்டர் இருந்த அட்டைப் பெட்டியின் பக்கம்கூடப் போகவில்லை. ஆனால் இந்தத் தாள் இருக்கிறதே. இரண்டு முழ நீளம், ஒரே அளவில் ஐம்பது அறுபது மடிப்பு, அவ்வளவு ஒழுங்கான மடிப்பை அவளால்கூட வைக்க முடியாது. அது முழுக்கக் கறுப்பு ஆயில் அப்பிக் கிடந்தது. பாவம், சின்னவளுக்கு வேலை மேல் வேலை. இதையும் அவள்தானே கழுவ வேண்டும்.

துணியில் மெஷின் ஆயில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹேங்கர் மூலையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது, பக்கத்தில் ஒரு வெள்ளை பேசின் இருந்தது. பேசினை முதலில் துடைத்தாள். ஒவ்வொரு மடிப்பாக விரித்து, அலசி, உதறி, மறுபடி அலசினாள். கால் மணி நேரத்தில் தாள் மஞ்சள் நிறத்துக்கு வந்துவிட்டது. சுவரோரம் கட்டியிருந்த கம்பியில் மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு, சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டாள்.

சின்னவள் திரும்பி வந்தாள். தட்டைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். திட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுலதான் இருந்துது அக்கா, எல்லாம்" என்றாள் மெதுவாக.

பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாரக் கணக்கில் வீட்டில் கேட்ட கதைதான் அது. மூன்று துகள், அடுத்த தாள், கையெழுத்து. கதை முழுவதும் தெரியும். அந்தக் கதையில் வரும் தாள் இப்படித்தான் இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. தங்கையின் வேலையை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட ஒரே ஆள், அந்த வேலைக்கு இருந்த ஒரே சாட்சியைச் சுத்தமாக வெளுத்துக் காயப் போட்டிருந்தாள்.

இதையெல்லாம் பார்க்கத்தானோ என்னவோ கேப்டன் உள்ளே வந்தார். கம்பியில் ஆடிக்கொண்டிருந்த தாளைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, இவ்வளவு சுத்தமான ஃபில்டரைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். அந்த வரைக்கும் அவர் சொன்னது உண்மைதான். பிறகு லாக் புக்கை நீட்டினார். "துகள் எங்கம்மா? ஒண்ணும் காணோமே. போடு கையெழுத்து."

சின்னவள் பேனாவை வாங்கவில்லை. கழுவாத தாளைப் பார்க்காமல் போட முடியாது என்றாள். கேப்டன் நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வேறு ஆள் வந்து போடுவார் என்றார். சொல்லிவிட்டு வாசல் வரை போய்விட்டார்.

"அந்தக் கழுவின எண்ணெயை எங்க ஊத்தின?" என்று சின்னவள் திடீரென்று கேட்டாள்.

"ஊத்துவேனா? அப்படியே இருக்கு, மேஜைக்கு அடியில. தெளிஞ்சதும் மேல உள்ளதை எடுத்து வெச்சுக்கலாம்ல. நல்ல எண்ணெயை யாராவது கொட்டுவாங்களா?"

சின்னவள் எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த ஸ்டூல் விழுந்தது. பேசினை இரண்டு கையாலும் அசையாமல் வெளியே இழுத்தாள். அக்காவின் பையிலிருந்து வெள்ளை லைனிங் துணியை வாங்கி ஒரு சட்டியின் வாயில் கட்டி, மண்ணெண்ணெயை மெல்ல மெல்லச் சாய்த்தாள். கேப்டன் போன காரியத்தை மறந்து திரும்பி வந்து நின்றார். எண்ணெய் இறங்கியது. துணியில் கரி தங்கியது. கரிக்கு நடுவே, மீன் செதிலைப் பொடித்துத் தூவின மாதிரி, மினுமினுவென்று ஒரு பிடி வெளிச்சம். ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அவள் மேலே காட்டியதும் பாதிக்கு மேல் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. மூன்று துகள் இல்லை, எண்ணித் தீராது.

கேப்டன் குனிந்து காந்தத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய மூளை, பறப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வேகமாக ஓடும் அந்த மூளை, வழி கண்டுபிடித்தது. அலசினது யார்? டெய்லரம்மா. டெய்லர் என்றால் என்ன வைத்திருப்பார்கள்? ஊசி, குண்டூசி. அதிலிருந்து ஒன்று பேசினில் விழுந்திருக்கும், தேய்ந்திருக்கும், பொடியாகியிருக்கும். என்ஜினை எதற்குப் பிரிக்க வேண்டும்?

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ, "அவர் சொல்றதும் நியாயம்தான் அக்கா. இல்லேன்னு என்னால எப்படி எழுத முடியும்?" என்றாள். இவளை இப்படி வளர்த்தது யார் என்று பெரியவளுக்குக் கோபம் வந்தது. பதிலும் உடனே தெரிந்துவிட்டதால் கோபம் நிலைக்கவில்லை.

குண்டூசி டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கடையை விட்டுக் கிளம்பும்போது அறுபது. அவள் எங்கே போனாலும் அறுபதுதான், திரும்பும்போதும் அறுபதுதான். ஒரு குண்டூசி குறைந்தால் அது யாரோ ஒருவர் போடப்போகிற உடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். கேப்டனின் கண் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். பத்து, இருபது, ஐம்பது. ஐம்பத்தொன்பதோடு டப்பா காலியாகிவிட்டது.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சந்தோஷமாக இருக்கும்போது மட்டும்தான் கழற்றுவார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். டேப்பை உதறினாள். பிறகு விமானத்தின் இறக்கை மேல் கால் வைத்து ஏறி உள்ளே போனாள்.

செய்தித்தாள் வடிவம் ஓட்டுநர் ஸீட்டின் மேல் அப்படியே கிடந்தது. அதன் நடுவே, நாளைக்கு மாப்பிள்ளை உட்காரப்போகிற இடத்தில், முனை மேலே பார்த்தபடி அறுபதாவது குண்டூசி நின்றுகொண்டிருந்தது. பெரியவள் அதை எடுத்து வந்து வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"முழுசா இருக்கு கேப்டன். தேயவும் இல்ல, பொடியாகவும் இல்ல. எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். அதுவும் இரண்டு தடவை.

சின்னவள் பேனாவை வாங்கி, விமானம் பறக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு வெளியிலிருந்து வந்த ஆளும் தன் பேனாவைத் திறக்கவில்லை. நான்காம் நாள் என்ஜினைப் பிரித்தபோது, வால்வுகளைத் தள்ளித் திறக்கிற தண்டில் ஒரு மேடு சொத்தைப் பல் மாதிரி அரித்துப் போயிருந்தது. கேப்டன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளை இதில்தான் ஏறியிருப்பார் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பேனரில் இருந்த தேதியின் மேல் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவள் பெரியவள்தான். தையல் வெளியே தெரியவில்லை.

இப்போதெல்லாம் அந்தப் பள்ளியில் ஒவ்வொரு ஃபில்டரையும் மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் பார்க்கிறார்கள். தாளில் கண்ணுக்குப் படாதது துணியில் படுகிறது. வருகிறவர்களிடம் கேப்டன், இது தன் நீண்ட அனுபவத்தில் தானே கண்டுபிடித்த முறை என்று விளக்குகிறார். சின்னவள் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள். துகளம்மா என்று கூப்பிடுவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார்.

ஹேங்கர் மேஜைக்கு மேல் ஒரு அட்டை தொங்குகிறது. எதையும் தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, சின்னவளின் கையெழுத்தில், சிறியதாக இன்னொரு வரி: "அக்கா, தாளும் இதில் சேர்த்தி."