ராணியின் கால் விரல்

போன ஞாயிறு கும்மிடிப்பூண்டியில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் ஒரு படத்தால் எல்லாம் கெட்டிருக்கும்!

மண்டப மேடையின் பின்சுவரில் ஆளுயர ஓவியம். யாரோ ஒரு ராணி. வெள்ளைப் பட்டு, முத்து மாலை, கையில் செங்கோல். எந்த ஊர் ராணி? மேனேஜருக்கே தெரியாது. ஓனர் ஏலத்தில் எடுத்ததாம்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஆரம்பாக்கத்திலிருந்து வந்தவர். படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது? பொட்டு இல்ல, தாலி இல்ல. அறுத்தவ படத்துக்குக் கீழயா எங்க புள்ளய குந்த வப்பீங்க?"

"கழட்ட முடியாதும்மா. செவுத்தோட அடிச்சிட்டாங்க" என்றார் மேனேஜர்.

"அப்ப வேற மண்டபம் பாருங்க!"

என் தங்கை கணவனை இழந்தவள். அவள் நெற்றியிலும் பொட்டில்லை. பேச்சு காதில் விழுந்ததும் மெல்லத் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. செங்கோல் பிடித்து நாடாண்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் நான் கத்தினால் சம்பந்தம் போய்விடுமே... அடக்கிக்கொண்டு படத்தைக் கண்ணால் துழாவினேன். ராணியின் பாதத்தை சோபா மறைத்திருந்தது. இழுத்துப் போட்டேன்.

"யக்கா, இங்க பாருங்க. மெட்டி!"

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆமா... மெட்டிதான். பொட்டு அழிஞ்சிருக்கும். சரி, சோபாவப் போடுங்க."

ஜெயித்துவிட்டேன். ஆனால் வெட்கமாக இருந்தது. படத்தில் இருப்பவளைக் காப்பாற்றிவிட்டேன் — தூணுக்குப் பின்னால் இருப்பவளை?

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"பெரீம்மா, மெட்டி செக்கிங் முடிஞ்சிதா? எங்க அத்தய காணோமே?"

தேடிக்கொண்டு அவரே தூணுக்குப் பின்னால் போனார்.

"அத்தே, இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? மேல வாங்க. நீங்கதான் தட்டு குடுக்கணும்."

"நான் எதுக்குப்பா... உங்க மாமா குடுப்பாரு" என்று என்னைக் காட்டினாள்.

"மாமாவையா நான் கேட்டேன்? பொண்ணப் பெத்தது நீங்கதான?"

பெரியம்மா ஏதோ சொல்ல வந்தார். மாப்பிள்ளையின் அம்மா, "சும்மா இரு, யக்கா" என்றார். அவ்வளவுதான்! என் தங்கை மேடையேறித் தட்டைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிரியாணிகூட இறங்கியது.

ராணி படம் எங்காவது கண்ணில் பட்டால் இனிமேல் முகத்தைப் பாருங்கள் அய்யா... கால் விரலை விட்டுவிடுங்கள்!