ஆள் இல்லாத ஸ்டாப்

தினமும் விடியற்காலையில் முதல் பஸ்ஸை எடுப்பது என் வீட்டுக்காரர்தான். அதனால் தெருவே டிவி பார்க்கும் எட்டு மணிக்கு அவர் படுத்தாக வேண்டும். படுத்தால் தூக்கம் வந்துவிடுமா? பால் குடித்துப் பார்த்தார், நூறிலிருந்து தலைகீழாக எண்ணிப் பார்த்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் தன் பஸ்ஸை ஓட்டுவார். மொத்தம் முப்பத்தொரு ஸ்டாப். ஆஸ்பத்திரி ஸ்டாப் வருவதற்குள் குறட்டை கேட்கும்.

நேற்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி, நான் சொல்லி இதைத் தெரிந்துகொண்டு, படுக்கையறை வாசலில் நின்று கிண்டலடித்தான்.

“எதுக்கு மாமா ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்திக்கிட்டு? எக்ஸ்பிரஸ்ஸா விட்டா சீக்கிரம் போய்ச் சேரலாமே!”

“வாயைக் கழுவுடா!” என்றேன் நான்.

அவருக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஸ்டாப்புன்னா நிறுத்தணும். ஆள் இருக்காங்களா இல்லையாங்கறது அப்புறம்!”

இருபத்திரண்டு வருஷத்தில் ஓடி வந்த ஒருத்தரைக்கூட விட்டுவிட்டுப் போகாத மனுஷன். மனசுக்குள் ஓட்டும்போதும் ஒரு ஸ்டாப்பைத் தாண்டமாட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. “இந்தாம்மா, வண்டி கடைசி ஸ்டாப்புக்கே வந்துடுச்சு. தூக்கம்தான் வரல.”

“எல்லாரும் இறங்கியாச்சு. நீங்களும் இறங்குங்க” என்றேன்.

“அவசரப்படுத்தாதே. பின்சீட்ல ஒரு பெரியவர் இப்பத்தான் எழுந்திருக்கார். மெதுவா வரட்டும்.”

அந்தப் பெரியவர் படிக்கு வருவதற்குள் குறட்டை கேட்டது.