சிலிபினில் எழ மறுத்த கணினி

என் வேலை கணினியைத் தூங்க வைப்பது. உறவுக்காரர்களிடம் இதற்கு மேல் நான் விளக்குவதில்லை. விளக்கிய நேரத்திலெல்லாம் "அதுக்கா சம்பளம் கொடுக்கறாங்க?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கணினியின் செயலி சும்மா இருக்கும்போது மின்சாரத்தைத் தின்னாமல் தூங்கப் போக வேண்டும், கூப்பிட்டால் உடனே எழ வேண்டும். இதைக் கவனிப்பது இயங்குதளத்தின் அடியில் இருக்கும் கெர்னல். அதில் தூக்கம் சம்பந்தப்பட்ட மூலை என் பொறுப்பு.

ஒரு மடிக்கணினி ரகம் எழ மறுத்தது. மத்தியானத்தில் உறைந்துபோகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். கோலாலம்பூர் அலுவலகத்தில் அது ஒரு நாளும் உறையவில்லை. எங்கள் மேலாளருக்கோ, தன் மேசையில் நடக்காதது உலகத்திலேயே நடக்காது. வீட்டிலிருந்து வேலை செய்வதால்தான் எனக்குக் கவனம் சிதறுகிறது என்று கண்டுபிடித்தார். இந்த மாதத்துக்குள் பிழையைப் பிடிக்காவிட்டால் அலுவலகத்துக்கே வந்துவிடச் சொன்னார்.

முன்பு கோலாலம்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவள் நான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் என் மகள் வெட்கப்பட்டு நாத்தனாரின் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவரைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். இப்போதுதான் அந்தச் சொல் என் பக்கம் வந்திருந்தது. அதைத் திரும்பக் கொடுக்க நான் தயாராக இல்லை.

நாத்தனார் என் கணவரின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர். சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட் கைமாறியபோது தம்பியோடு ஈப்போவுக்கு வந்தவர். தம்பி லாரி ஓட்டப் போய்விடுவதால் சிலிபின் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்த வகைப் பிழை கணினி தூங்கும்போது மட்டும்தான் வரும். எட்டிப் பார்க்க ஒரு விசையைத் தட்டினாலே கணினி எழுந்துகொள்ளும், பிழை ஓடிவிடும். ஆகவே கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். நாத்தனார் அதைச் சுற்றி மேசையைத் துடைத்தார். "சாமி மாதிரி வச்சிருக்கா, ஒரு மாலைதான் பாக்கி" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கணினி சமத்தாகத் தூங்கியது, சமத்தாக எழுந்தது. மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஈப்போவில் மத்தியான இடிக்குப் பஞ்சமில்லை. இடி கேட்டதும் டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை என்று எல்லாப் பிளக்கையும் நாத்தனார் பிடுங்கிவிடுவார். கணினியின் பிளக்கை மட்டும் நான் காவல் காத்து வந்தேன். ஒரு நாள் இடி இடித்த நேரத்தில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அந்தப் பிளக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல அண்ணி?"

"நான் எங்க தொட்டேன்? பிளக்கைத்தான் புடுங்குனேன்லா. இடி விழுந்து கெட்டு ரோசாக் ஆனா உன் முதலாளியா வாங்கித் தருவான்?"

சண்டைக்கு வாயெடுத்தவள் கணினியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். விளக்கு எரிந்தது, திரை கறுப்பு. எந்த விசைக்கும் அசையவில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

மறுபடி செய்து பார்த்தேன். வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிய கையோடு, தூங்கிவிட்டதா என்று நானே விசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். நாத்தனார் பிடுங்கிவிட்டு மீன் கழுவப் போனவர். நானும் பிடுங்கிவிட்டு அடுக்களையில் போய் நின்றேன். "இங்க ஏன் நிக்கற, வேலை இல்லையா?" என்றார். இதுதான் வேலை என்றேன். திரும்பி வந்தபோது கணினி உறைந்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கியதும் செயலி பேட்டரியை மிச்சம் பிடிக்க இன்னும் ஆழமாகத் தூங்கப் போகிறது. அந்த ஆழத்தில் அதை எழுப்ப வேண்டிய கடிகாரமும் நின்றுவிடுகிறது. அதற்காகவே இன்னொரு கடிகாரம் உண்டு. மின்சாரம் மாறும் நேரத்தில் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கெர்னல் மறந்திருந்தது. திருத்தம் சில வரிகள்தான். புகார் சொன்னவர்களும் மத்தியான இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கியவர்கள்தான். அலுவலகத்தில் பிளக்கைப் பிடுங்க யாருக்கும் தோன்றியதில்லை. அங்கே கட்டடமே இடியைத் தாங்கும். மேலாளர் காணொளிக் கூட்டத்தில் எங்கள் கடுமையான சோதனை முறையைப் பற்றி நீளமாகப் பேசினார். அந்தச் சோதனை முறை எனக்குப் பின்னால் மீன் பொரித்துக்கொண்டிருந்தது.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கடிதம் வந்தது. சாப்பிடும்போது சொன்னேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, குரலில் அது வழிந்திருக்கும்.

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ கேஎல் போகல?"

"போகல அண்ணி."

என் மகளின் தட்டில் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே, அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "பாப்பாவை இனிமே உன் ரூமுக்கு மாத்திருவியா?"

மாற்றத்தான் நினைத்திருந்தேன். கட்டில்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"இல்ல அண்ணி, உங்ககூடவே படுக்கட்டும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு மனசே இல்லை. மகள் எங்கள் இருவரையும் கவனிக்காமல், அவர் எடுத்துக் கொடுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தாள்.