பட்டணத்தில் படிக்கும் குதிரை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை. என்னைப் பெற்ற அய்யா ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களுக்குக் குதிரை வண்டி ஓட்டியவர். வண்டி இழுத்த பெண்குதிரையைப் ‘பிள்ளை’ என்றுதான் சொல்வார்.

குதிரைக்குக் காலில் புண் வந்தால் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை என்பதுதான் சென்னையில் என் ஆராய்ச்சி. அதற்குப் புண்படாத நல்ல தோல் வேண்டியிருந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, கல்லூரி அனுமதியோடு, மரத்துப்போக ஊசி போட்டு, எங்கள் குதிரையின் கழுத்திலிருந்து மிளகளவு தோல் எடுத்தேன். அய்யா அதன் காதோரம் பேசிக்கொண்டே பிடித்திருந்தார். ஆய்வகத்தில் அதைப் பொடியாக நறுக்கி, வளர்ப்புத் திரவம் ஊற்றிய குடுவையில் வைத்தேன். சில நாட்களில் ஓரங்களிலிருந்து செல்கள் நீளநீளமாகப் பரவின. அய்யாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்துக் குதிரை செத்துப்போனது. மணலோடு மேய்ந்து மேய்ந்து வயிற்றில் மணல் கட்டிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். அய்யா அழவில்லை. “அதான் அங்கன ஒண்ணு இருக்குல்ல,” என்றார்.

அதன்பின் தினமும் காலையில் போன் வரும். “பிள்ளை எப்படி இருக்கு?” வண்டி ஸ்டாண்டில் நடக்கும் கிண்டலும் எனக்குக் கேட்கும்.

“என்ன மாமா, உம்ம குதிரை மெட்ராஸ்ல காலேஜ் படிக்குதாம்ல?”

“ஆமாலே. ஒன்ன மாதிரி எட்டாப்புலயே நிக்கல.”

இருப்பது குதிரை இல்லை, தோல்தான் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் குரலில் இருந்த பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஒருநாள், “இரை என்ன குடுக்கிற தாயி?” என்று கேட்டார். படித்தவள் இல்லையா, சரியாகச் சொன்னேன். “கன்னுக்குட்டி ரத்தத்துல தெளிவா எடுக்கிற தண்ணிய்யா. சினை மாட்டை அறுக்கையில வயித்துல இருக்கிற கன்னு.”

“அது புல்லுதான் தாயி தின்னுச்சு. வேற எதுவும் குடுக்க ஏலாதா?”

“இது இல்லாம வளராதுய்யா.”

“அப்ப வளர வேண்டாம்.”

அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே கூப்பிட்டேன். “எல்லாம் செத்துப்போச்சுய்யா.” அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

“நோவு இல்லாமப் போச்சா?”

“நோவே இல்லய்யா.”

“சரி. அது இங்கன செத்தன்னிக்கே நான் தலை முழுகியிருக்கணும். ஒண்ணு உசுரோட இருக்கையில எப்படி முழுகுறதுன்னு இருந்துட்டேன். கடலுக்குப் போயிட்டு வாரேன். நீ சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன். அன்று பிள்ளையின் குடுவைகளுக்குக் கன்றின் ரத்தத் திரவம் மாற்றும் நாள். கை நடுங்கினால் கிருமி விழுந்துவிடும். நடுங்காமல் மாற்றினேன்.