எட்டு கிளாஸ் டீயும் ஆறு கையெழுத்தும்

இந்த நாட்டை முன்னேற்ற என்ன செய்யலாம் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். புளியங்குடி மண்டியில் எலுமிச்சை தரம் பிரிக்கிறவன் நான். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது! லீவு நாளில் எங்கள் ஊர் டீக்கடைதான் எனக்குப் பாராளுமன்றம். ஊர் இலஞ்சிக்கு அந்தப் பக்கம்.

கடையில் நாங்கள் எட்டு பேர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணாச்சிக்குப் பாதுகாப்பு இலாகா. துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த பாய்க்கு வெளியுறவு. விவசாயம் எனக்கு, எலுமிச்சையை மோந்து பார்த்த தகுதியில். மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பிரதமர் பதவிக்கு மட்டும் எட்டு பேரும் போட்டி.

என் மனைவி அங்கன்வாடி டீச்சர். குற்றாலத்தில் சாரல் பிடித்து அருவி கொட்ட ஆரம்பித்தால் ஊர் உலகமெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க ஓடிவரும். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாய்க்கால் தண்ணீர் தானே தெருவுக்கு வந்துவிடும். அங்கன்வாடி வாய்க்காலுக்கு அக்கரையில். நடுவில் பாலம் என்ற பெயரில் இரண்டு கல் பலகை கிடக்கிறது, சீசன் வந்தால் அதுவும் முங்கிவிடும். போன சீசனில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடக்கும்போது அவள் வழுக்கி விழுந்தாள். இடது கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது.

அந்த மணிக்கட்டோடுதான் இந்த வருஷம் மே தினக் கிராமசபைக்குப் பாலம் கேட்டுத் தீர்மானம் எழுதினாள். எழுத்தெல்லாம் ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. காலையிலேயே என்னிடம் சொன்னாள்.

"பத்து மணிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. ஆளு கொறைஞ்சா கூட்டமே செல்லாதாம். பெறவு ஆகஸ்டுலதான். அதுக்குள்ள சீசனே முடிஞ்சு போவும்."

"நான் வராம எங்க போவப் போறேன்? கூட்டாளிய எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கூட்டம் நடக்கும் கட்டடம் டீக்கடைக்கு நேர் எதிரே. ரோட்டைத் தாண்டினால் போதும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தோம். அப்போது யாரோ, இந்த நாட்டுக்கு முதல் தேவை என்ன என்று கேட்டுத் தொலைத்தான்.

"ஒழுக்கம்யா! ஒழுக்கம் இல்லாத தேசம் உருப்படாது" என்றார் அண்ணாச்சி.

"ரோடு அண்ணாச்சி, ரோடு. துபாய்ல வந்து பாருங்க, ரோட்டுல சோறு போட்டுத் திங்கலாம்" என்றார் பாய்.

"எலுமிச்சைக்கு விலை" என்றேன் நான். எட்டு பேரும் எட்டுத் திசையில் இழுத்ததில், முதல் தேவை ஒற்றுமைதான் என்ற முடிவுக்கு வந்தோம். அது எப்படி வரும் என்பதில்தான் சண்டையே ஆரம்பித்தது. அண்ணாச்சி பெஞ்சைத் தட்டினார். பாய் எழுந்து நின்றார். ஒற்றுமைக்காகச் சட்டையைப் பிடிக்கவேண்டியதுதான் பாக்கி.

இடையில் எதிரே ஒலிபெருக்கி கத்தியது. "வெளிய நிக்கிறவங்க உள்ள வாங்க, கையெழுத்து கொறையுது." எனக்குக் கேட்டது. கேட்காமல் என்ன? "ஏலே, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்கலே! இங்கன நாட்டப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்" என்று நான்தான் கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி ரோட்டைத் தாண்டி வந்தாள். கையில் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. பெஞ்சில் இருந்த காலி கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஆறு பேரு கொறைஞ்சுட்டாம். ஒத்தி வச்சுட்டாவ" என்றாள். "இங்கன எட்டு கிளாஸ் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அண்ணாச்சி வாட்சைப் பார்த்தார். பாய் உட்கார்ந்துவிட்டார்.

ஜூனில் சாரல் பிடித்தது. கல் பலகை முங்கிய முதல் நாள் காலை எட்டு பேரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் வரிசையாக நின்றோம். மற்ற ஏழு பேரும் கூப்பிடாமலே வந்தார்கள். பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தோம். "வரிசை கோணுது, வரிசை கோணுது" என்று அண்ணாச்சி தண்ணீருக்குள்ளும் டிரில் நடத்தினார். துபாயில் இப்படி வாய்க்காலே கிடையாது என்று பாய் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். உத்தரவெல்லாம் என் மனைவிதான் கரையிலிருந்து போட்டாள். பிரதமர் பதவிக்கு அன்றைக்கு யாரும் போட்டியிடவில்லை.

கடைசியாக அவள் இறங்கினாள். நான் கையை நீட்டினேன். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு இடது கையைத் தந்தாள். ஒரு இழுப்பைக்கூட அந்த வலது கை இன்னும் தாங்காது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

"விட்டுர மாட்டியளே?" என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பயந்துதான் கேட்டாள்.