கண்பட்டுவிடும் என்று மறைக்கிற பயணம்

1. காலி நாற்காலிகள்

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு விவரம் சொல்லும் பொறுப்பை ஃபாதர் எனக்குக் கொடுத்தது 1950களில். பிரேசர் டவுனில் எங்கள் கோவில் ஆபீசில் அப்போது நான் டைப்பிஸ்ட். பாஸ்போர்ட் அப்ளிகேஷன் அடிப்பதும் என் வேலைதான். ஒவ்வொன்றை அடிக்கும்போதும் வயிறு எரியும். குவைத்துக்கும் ஏடனுக்கும் ஊரே போகிறது; படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டு நான் மட்டும் நகர முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

முதல் சனிக்கிழமை, விவரம் கேட்க வருகிறவர்களுக்காக ஹாலில் போட்ட நாற்காலியெல்லாம் காலி. கோவில் மணி அடிக்கிற சூசைதான் காரணம் சொன்னார்.

"ஃபாரின் போறது வெளியே தெரிஞ்சா கண்ணு பட்டுடும்னு பயம்மா. அதுவும் உங்க கண்ணு..."

உண்மைதான். கப்பல் ஏறும்வரை பக்கத்து வீட்டுக்குக்கூட மூச்சு விடமாட்டார்கள். ஏமாற்றுகிற ஏஜென்ட்டுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

2. ஸ்டெல்லாவின் கை

ஸ்டெல்லா லிங்கராஜபுரத்துக்காரி, என்னோடு படித்தவள், விதவை. துரைமார் வீடுகளில் ஆயாவாக இருந்தாள். வெள்ளைக்காரர்கள் போனதும் வேலையும் போயிற்று.

ஒரு ஞாயிறு பூசையில் முக்காட்டை ஒற்றைக் கையாலேயே சரிசெய்துகொண்டிருந்தாள். ஊருக்குத் தெரியாதது பொறாமைக்காரிக்குத் தெரியும். மற்றக் கையில் அம்மை குத்தியிருக்கிறாள்; கப்பல் ஏறுகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம், அப்படியென்றால் இவளும் போகப் போகிறாள்! நெஞ்சு பற்றிக்கொண்டது. வாசலிலேயே மடக்கினேன்.

"எந்த ஊருடி?"

"ஒண்ணும் இல்லடி, சும்னே நோண்டாதே" என்று கன்னடம் கலந்து மழுப்பினாள்.

"கை வீங்கியிருக்கே?"

கடைசியில் சொன்னாள். குவைத்தில் ஒரு துரை வீட்டில் ஆயா வேலை. பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வாங்கி வைத்திருக்கிறான். பம்பாயில் அதிகாரி கேட்டால், சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டுமாம். துரையின் பேர்கூட இவளுக்குத் தெரியாது.

"வேலைக்குப் போறவ வேலைக்குப் போறேன்னு சொல்லித்தான்டி போகணும். துரை பேரு, சம்பளம், திரும்பி வர டிக்கெட் யாரு குடுப்பாங்க, எல்லாம் கையெழுத்தோட எழுதி வாங்கு. அங்க அடிச்சு வெரட்டினா, வேலைக்கு வந்தவன்னு சொல்ல உன்கிட்ட என்ன இருக்கு?"

"உனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, எரியுது. அதுக்காக எழுதி வாங்காம போயிடாதே."

3. ஏஜென்ட் கேட்ட கேள்வி

மறுநாள் சாயங்காலம் ஆபீசுக்கே வந்தாள். எழுதித் தரச் சொன்னதும் ஏஜென்ட் கேட்ட முதல் கேள்வி, "யார்கிட்ட சொன்னே?" என்பதுதானாம். என் பேரைக் கேட்டதும், "அந்தப் பொறாமைக்காரி உன் பொழப்பைக் கெடுக்கப் பாக்கறா" என்றிருக்கிறான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்டி. ஆனா வயித்தெரிச்சல்காரி போகாதேன்னுதானே சொல்லணும்? நீ எழுதி வாங்கிட்டுப் போன்னு சொன்னே. அவன்தான் எழுத மாட்டேங்கறான்."

தம்பியைக் கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வந்திருந்தாள்.

பிறகு, ஏடனுக்கு மாற்றலான ஒரு குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டு முறையாகப் போனாள். ஒப்பந்தத்தை டைப் அடித்தவள் நான். ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டவளும் நான். ரயில் நகர்ந்தபோது அழுதேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணுக்குப் பயந்து வாயைப் பூட்டாதீர்கள். எந்த ஊர், எந்த வீடு, யார் எஜமான் என்று ஒரு பொறாமைக்காரியிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வாழ்த்தி அனுப்புகிறவர்கள் மறந்துவிடுவார்கள். ஸ்டெல்லாவின் ஏடன் விலாசம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.